கண்டவளவு கூறல்

பொய்யாமை என்னும் அணுவிரதத்தை ஏற்ற இல்லறத்தான் ஒருவன், பொய்யென்று ஒரு சொல்லும் சொல்லாமல், மெய்யின் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்காட்டி மறுபாதியைச் சொல்லாது விடுவானாயின், அவனது விரதம் பழுதுபடுமா, படாதா? தத்துவார்த்த சூத்திரத்தில் ஆசாரிய உமாசுவாமி இவ்விரதத்திற்குரிய குற்றங்களை எண்ணுமிடத்து, அடைக்கலமாக வைத்த பொருளைக் கவர்தலையும் ஒன்றாக வைத்தார். களவில் வைக்கவேண்டியதைப் பொய்யில் ஏன் வைத்தார் என்ற ஐயம் படிப்பவர்க்கு எழும். உரையாசிரியர்கள் அதனை விளக்குகின்றனர். பொன்னை அடைக்கலம் வைத்தவன் அதன் அளவை மறந்து, குறைத்துச் சொல்லிக் கேட்கிறான். வைத்திருப்பவனோ, “ஆம், அவ்வளவே, பெற்றுக்கொள்க” என்று கொடுத்துவிடுகிறான். கொடுத்த பொன் உண்மையான பொன்னே. கொடுக்காமல் விட்டதில்தான் பொய் இருக்கிறது.

இவ்விலக்கணத்தை இளமையிலேயே பாடம் கேட்டவன் நான். அதற்கு நானே ஓர் எடுத்துக்காட்டாவேன் என்று அந்நாளில் எண்ணியதில்லை.

2022ஆம் ஆண்டு மகாவீர ஜெயந்தியை ஒட்டி எங்கள் ஊர் அன்பர்கள் ஒரு துண்டுப் பிரசுரம் வெளியிட்டனர். எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. புலால் உண்ணாமையின் மேன்மையைப் பிற சமயத்தாரும் உணரும்படி, அறநூற் கருத்துக்களைக் குறைத்து, மேனாட்டு ஆராய்ச்சி முடிவுகளை மிகுத்து எழுதினேன். அமெரிக்காவில் பல்லாயிரவரைப் பல்லாண்டு தொடர்ந்து நோக்கியதில் மரக்கறி உண்போரிடையே இறப்பு 12 விழுக்காடு குறைவு. இங்கிலாந்தில் அவ்வாறே நோக்கியதில் மாரடைப்பு முதலிய இதய நோய் 22 விழுக்காடு குறைவு. இவ்விரண்டும் மெய்யே. ஆனால் இங்கிலாந்து ஆய்வின் அதே கட்டுரையில், அதே பக்கத்தில், மரக்கறி உண்போரிடையே பக்கவாதம் 20 விழுக்காடு அதிகம் என்னும் முடிவும் இருந்தது. அதை நான் படித்திருந்தேன். இடமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு விட்டுவிட்டேன். பிரசுரத்தின் அடியில் ஒரு மலர்க்கொடி ஓவியத்திற்கு இடம் இருந்தது.

என் பெரியப்பா எழுபது வயதைக் கடந்தவர். நாள்தோறும் ஜினாலய தரிசனம் செய்பவர், இரவில் உண்ணாதவர், கிழங்கு வகைகளைத் தொடாதவர். ஊறுகாயும் மோர்மிளகாயும் அப்பளமும் இலையில் இல்லையென்றால் மட்டும் அவருக்கு உணவு இறங்காது. மருத்துவர் ஒருவர் அவரது இரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு நாள்தோறும் மாத்திரை உட்கொள்ள வேண்டும் என்றார். பெரியப்பா மறுத்துவிட்டார். நான் சென்று வற்புறுத்தியபோது, பஞ்சாங்கத்தினுள் மடித்து வைத்திருந்த பிரசுரத்தை எடுத்துக் காட்டி, “நம் உணவுக்கு இந்த வியாதியெல்லாம் வராது என்று நீயே எழுதியிருக்கிறாயே, தம்பி” என்றார். நான் அப்படி எழுதவில்லை. படிப்பவர் அப்படிக் கொள்ளும்படி எழுதியிருந்தேன். மறு ஆண்டில் அவருக்கு வலப்பக்கம் செயலிழந்தது.

என் பிரசுரத்தால்தான் அவருக்கு நோய் வந்தது என்று கூற எனக்கு உரிமையில்லை. மாத்திரை உண்டிருந்தாலும் வந்திருக்கலாம். இதை என் குற்றத்தைக் குறைத்துக்கொள்வதற்காகச் சொல்லவில்லை. ஒரு தனி மனிதரின் நோய்க்கு இதுவே காரணம் எனத் துணிந்து கூறுவதும் கண்டதற்கு மேல் கூறுவதுதான். முன்பு செய்த பிழையையே மறுபக்கத்திலிருந்து செய்ததாகும். அந்நாள் முதல், இத்தகைய எண்கள் எவ்வாறு பிறக்கின்றன, அவை எவ்வளவு சொல்ல வல்லவை என்பதை முறையாகக் கற்கத் தொடங்கினேன். கற்றபோது வியப்பு ஒன்று காத்திருந்தது. பிரசுரம் எழுதியபோது நான் கைவிட்ட ஒழுக்கத்தை, அந்த எண்களைக் கண்டவர்கள் தங்கள் கணக்கின் நடுவிலேயே கட்டி வைத்திருந்தார்கள்.

நெடுங்கால ஆய்வு என்பது பெரும்பாலும் காத்திருக்கும் தொழில். அமெரிக்க நாட்டின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபிரமிங்ஹாம் என்றொரு சிற்றூர். 1948இல் அங்கே 30 முதல் 62 வயது வரையிலான ஆடவர் மகளிர் 5,209 பேரைச் சேர்த்து, இரண்டு ஆண்டுகளுக்கொரு முறை உடற்பரிசோதனை செய்யத் தொடங்கினர். அக்காலத்தில் வயதாக ஆக இரத்த அழுத்தம் உயர்வது இயல்பே என்று எண்ணிய மருத்துவரும் இருந்தனர். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னர்தான் அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் மிக உயர்ந்த இரத்த அழுத்தத்தோடு மூளையில் குருதி கசிந்து மாண்டிருந்தார். ஃபிரமிங்ஹாமில் யாருக்கு எது வரும் என்று தெரியாமலே நோக்கிக்கொண்டிருந்தனர். ஆண்டுகள் செல்லச் செல்ல, இன்ன இயல்புடையோர்க்கு இன்ன நோய் மிகுதியாக வந்தது என்பது எழுத்தில் சேர்ந்தது. ‘அபாயக் காரணி’ என்று இன்று மருத்துவர் அனைவரும் வழங்கும் சொல் பரவியது, அவ்வாய்வினர் 1961இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பின்னரே. அவர்களுடைய மக்களை 1971இலும், மக்களின் மக்களை 2002இலும் சேர்த்து அவ்வாய்வு தொடர்ந்தது.

இத்தகைய ஆய்வில் பெரிய இடர், மனிதர் நிலையாக ஓரிடத்தில் இருப்பதில்லை என்பதே. ஒருவர் வேறூர் சென்றுவிடுகிறார். ஒருவர் சலித்து விலகுகிறார். ஒருவர் வேறு நோயால் இறக்கிறார். ஆய்வைக் கணக்கிடும் நாளில் பலருக்கு நோய் வராமலே இருக்கிறது, நாளை வருமா என்பது தெரியாது. இவர்களை என்ன செய்வது?

சிறு கணக்கொன்றைப் பார்ப்போம். இது விளக்கத்திற்காக நான் அமைத்தது. 10 பேரை நோக்குகிறோம். முதலாண்டில் ஒருவர் நோயுற்றார். அவ்வாண்டு முடிவில் 3 பேர் ஊரைவிட்டுச் சென்றனர். அவர்கள் நிலை பிறகு தெரியவில்லை. எஞ்சிய 6 பேரில் ஒருவர் இரண்டாமாண்டில் நோயுற்றார். இரண்டு ஆண்டு நோயின்றி இருக்கும் வாய்ப்பு எவ்வளவு? சென்ற மூவரும் நலமாகவே இருப்பர் என்று கொண்டால் 10க்கு 8, அதாவது 80 விழுக்காடு. அவர்கள் நோயுற்றிருப்பர் என்று கொண்டால் 50 விழுக்காடு. அவர்களே இல்லாதது போலத் தள்ளிவிட்டால் 7க்கு 5, ஏறத்தாழ 71. முதல் இரண்டும் காணாததைக் கண்டதாகச் சொல்லல். மூன்றாவது கண்டதைக் காணாததாகச் சொல்லல். அம்மூவரும் ஓராண்டு முழுவதும் நோயின்றி இருந்ததை நாம் கண்டோமே, அதை எப்படி அழிப்பது?

இதற்கு 1958இல் கப்லான், மையர் என்ற அமெரிக்கர் இருவர் சிறந்ததொரு முறையை வகுத்து வெளியிட்டனர். இருவரும் தனித்தனியே எழுதி அனுப்ப, இதழாசிரியர் இரண்டையும் ஒன்றாக்கித் தரச் சொன்னாராம். முறை எளியது. ஒவ்வொருவரையும் அவரை நாம் கண்ட கடைசி நாள் வரை கணக்கில் வைத்திரு. அதற்கு மேல் ஒரு நாளும் வையாதே. முதலாண்டில் 10 பேரும் நம் கண்முன் இருந்தனர். அவருள் 9 பேர் நோயின்றிக் கடந்தனர். இரண்டாமாண்டில் நம் கண்முன் இருந்தவர் 6 பேர்; அவருள் 5 பேர் கடந்தனர். இவ்விரு பின்னங்களையும் பெருக்கினால் 75 விழுக்காடு. விலகிச் சென்றவர் பொய்யாக இறப்பதுமில்லை, பொய்யாக வாழ்வதுமில்லை. கண்டவளவு நிற்கிறார்.

இம்முறையும் ஒரு நிபந்தனையின் மேல்தான் நிற்கிறது. சென்றவர்களின் நோய்வாய்ப்பும் இருந்தவர்களின் நோய்வாய்ப்பும் வேறுபடவில்லை என்று கொள்ளவேண்டும். உடல்நலம் குன்றியவர்களே பெரும்பாலும் விலகினர் என்றால் 75 என்ற விடை தவறிவிடும். நல்ல கணிதர் அந்நிபந்தனையைச் சொல்லாமல் விடையைச் சொல்வதில்லை. ஒரு வகையால் இது இவ்வாறு. நம் சமயத்தார்க்கு இந்தச் சொற்றொடரைத் தனியே விளக்க வேண்டுவதில்லை.

இந்த ஒப்புமையை நான்தான் முதன்முதல் கண்டேன் என்று எண்ணி மகிழ்ந்திருந்தேன். பிறகு அறிந்தேன்: கல்கத்தாவில் 1931இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்த பிரசாந்த சந்திர மகலனோபிஸ், 1954இல் புள்ளியியலின் அடிப்படைகள் பற்றி எழுதிய கட்டுரையில் நம் ஸ்யாத்வாதத்தை எடுத்து ஆராய்ந்திருக்கிறார். சப்தபங்கியின் ஏழு கூற்றுக்களுள் ‘அவக்தவ்யம்’, அதாவது சொல்லுதற்கு அரியது என்னும் நிலை, நிகழ்தகவு என்ற இக்காலக் கருத்துக்கு அணுக்கமானது என்பது அவர் கண்டது. அவர் தோற்றுவித்த ‘சாங்கியா’ என்னும் இதழில் 1957இல் அக்கட்டுரை மீண்டும் வந்தது. அவ்வாண்டு அந்நிறுவனத்தில் வந்து சேர்ந்த ஆங்கில உயிரியலறிஞர் ஹால்டேனும் ஸ்யாத்வாதம் பற்றித் தனியே ஒரு கட்டுரையை அவ்விதழிலேயே எழுதினார். இதைக் கேட்டதும் நம் மேடைகளில், ‘நிகழ்தகவுக் கணிதத்தை நம் ஆசாரியர்கள் அன்றே கண்டுபிடித்துவிட்டனர்’ என முழங்குவோர் எழுவர். மகலனோபிஸ் அங்ஙனம் கூறவில்லை. நாமும் கூறவேண்டா. ஸ்யாத்வாதத்தின் பெருமையைச் சொல்லப் புகுந்து, ‘ஸ்யாத்’ என்ற சொல்லையே விட்டுவிடுவது வேடிக்கையான செயல்.

இனி, நம்மவரிடையே பெருவழக்கான ஒரு பிழையைச் சொல்லாமல் மேற்செல்ல இயலவில்லை. ‘நம் ஊரில் எண்பதைத் தாண்டியவர்களைப் பாருங்கள், அத்தனை பேரும் இரவுண்ணா விரதம் பூண்டவர்கள். விரதத்தால் ஆயுள் நீள்வதற்கு வேறு சான்று வேண்டுமா?’ என்று கேட்கிறோம். நானும் கேட்டதுண்டு. விரதத்தை நம்முள் பலர் எப்போது ஏற்கிறோம்? மக்களுக்கு மணம் முடித்து, அலுவலிலிருந்து ஓய்வு பெற்று, அறுபதை ஒட்டி ஏற்கிறோம். ஐம்பதில் இறந்தவனுக்கு விரதம் ஏற்கும் வாய்ப்பே வாய்க்கவில்லை. அவன் பெயர் ‘விரதமிலார்’ பத்தியிலேயே நின்றுவிட்டது. அறுபது வரை வாழ்ந்தவன் மட்டுமே ‘விரதியர்’ பத்திக்குள் நுழைய முடியும். அப்படியிருக்க, அவன் விரதமின்றிக் கழித்த அறுபது ஆண்டுகளையும் விரதத்தின் பயனாக எழுதினால் விரதியர் நெடிது வாழ்ந்ததாகத்தான் தோன்றும். படைத்தலைவர்கள் சிப்பாய்களைவிட முதிர்ந்த வயதில் இறக்கின்றனர் என்பதைக் கொண்டு, படைத்தலைமை உடலுக்கு நல்லது என்று முடிவு கட்டுவது போன்றது இது. படைத்தலைவனாவதற்கே நரைக்கும் வரை உயிரோடிருக்க வேண்டும்.

சரியாக எண்ணுவோர் ஒருவரின் வாழ்நாளையே கூறுபடுத்தி எண்ணுவர். விரதம் ஏற்ற நாள் வரையுள்ள ஆண்டுகள் ஒரு பத்தியில். அந்நாளுக்குப் பிறகுள்ளவை மறுபத்தியில். 1972இல் இங்கிலாந்தின் டேவிட் காக்ஸ் வகுத்த முறை இதனை இன்னும் நுட்பமாக்கியது. ஒருவர் நோயுற்ற ஒவ்வொரு தருணத்திலும் கணிதர் நின்று, அதே தருணத்தில் இன்னும் நோக்கில் இருந்து நோயுறாதிருந்தவர் யார் யார் என்று கேட்கிறார். நோயுற்றவரை அவர்களோடு மட்டும் ஒப்பிடுகிறார். அன்றைய நாளில் யார் எந்நிலையில் இருந்தார் என்பதே அங்கே கொள்ளத்தக்கது. நேற்று புகைத்தவர் இன்று விட்டிருக்கலாம். நேற்று ஊன் உண்டவர் இன்று மரக்கறிக்கு மாறியிருக்கலாம். பொருள் நிலைத்திருக்க அதன் பரியாயங்கள் தோன்றி மறைந்துகொண்டே இருக்கின்றன என்று கற்ற நமக்கு இதில் புதுமை தோன்றாது. நோய் வருமோ என்னும் அச்சத்தால் மரக்கறிக்கு மாறியவரும், நோய் வந்தபின் மாறியவரும் கலந்திருப்பதால் எண்கள் எவ்வளவு திரியும் என்பதை எண்ணினால்தான் மீண்டும் மீண்டும் அளப்பதன் அருமை விளங்கும்.

இப்போது, நான் பாதியாகக் கொடுத்த பொன்னை முழுதும் எடுத்து வைக்கிறேன்.

இங்கிலாந்து ஆய்வு ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தார் நடத்தியது. 1993 முதல் 2001 வரை ஆட்களைச் சேர்த்தனர். மரக்கறி உண்போரைத் தேடிச் சேர்த்தமையால் அவர்கள் தொகை அதில் பெரிது. 2019இல் வெளியான முடிவு, தொடக்கத்தில் இதய நோயோ பக்கவாதமோ இல்லாத 48,188 பேரை ஏறத்தாழ 18 ஆண்டுகள் தொடர்ந்து நோக்கியதன் பயன். இதய நோய் 22 விழுக்காடு குறைவு, பக்கவாதம் 20 விழுக்காடு அதிகம் என்பன ஒப்பீட்டு எண்கள். அவற்றை மட்டும் கேட்டால் இரண்டும் ஏறக்குறையச் சமமாகித் தோன்றும். ஆய்வாளர்கள் அவற்றைத் தலைக்கணக்காகவும் மாற்றித் தந்திருக்கின்றனர். 1,000 பேரைப் பத்து ஆண்டுகள் நோக்கினால், ஊன் உண்போரைக் காட்டிலும் மரக்கறி உண்போரிடையே இதய நோய் 10 பேருக்குக் குறைவு. பக்கவாதம் 3 பேருக்கு அதிகம். அந்த 3 என்பதும் உறுதியான 3 அன்று; ஒன்றுக்கும் குறைவு முதல் ஐந்துக்குச் சற்று மேல் வரை இருக்கக்கூடும் என்று எல்லையிட்டே சொல்லியிருக்கின்றனர். அந்த அதிகமும் பெரும்பாலும் மூளையில் குருதி கசியும் வகையைச் சேர்ந்ததாகக் காணப்பட்டது. குருதியில் கொழுப்பு மிகக் குறைவாக இருத்தல், பி12 முதலிய சத்துக்களின் குறைவு ஆகியன காரணமாகலாம் என்பது அவர்கள் கருத்து, முடிவு அன்று.

அமெரிக்க ஆய்வு, புகையும் மதுவும் விலக்கிய செவன்த் டே அட்வென்டிஸ்ட் திருச்சபையாரைப் பற்றியது. கலிபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தார் 73,308 பேரை ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் நோக்கி 2013இல் வெளியிட்டதே நான் சொன்ன 12 விழுக்காடு. ஆனால் இங்கிலாந்தில் மரக்கறி உண்போரையும், அவரைப் போன்றே உடல்நலம் பேணும் பிறரையும் ஒப்பிட்டு 2016இல் வெளியிட்ட முடிவில், மொத்த இறப்பில் வேறுபாடு காணப்படவில்லை. இதையும் நான் எழுதவில்லை. இதை அப்போது நான் அறிந்திருக்கவில்லை என்பது உண்மை. தேடவில்லை என்பதும் உண்மை.

இவற்றுள் எதிலும் நாம் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். ஆக்ஸ்போர்டு ஆய்வின் மரக்கறியாளர் வெங்காயமும் உருளைக்கிழங்கும் உண்பவர். அந்தி சாய்ந்தபின் உண்பவர். பலர் மது அருந்துபவர். நம்மவர் உண்ணும் சோற்றின் அளவும், தாளிப்பும், வற்றலிலும் ஊறுகாயிலும் உள்ள உப்பும் அவர்க்கில்லை. ஒரு பொருளைப் பற்றிய கூற்று அதற்குரிய திரவியம், க்ஷேத்திரம், காலம், பாவம் ஆகிய நான்கினாலும் வரையறுக்கப்படும் என்பது அநேகாந்தம். ஃபிரமிங்ஹாமின் மாந்தர் பெரும்பாலும் ஐரோப்பிய வழியினர். அங்கே கண்ட அபாயக் கணக்கை, ஜப்பானிய வழிவந்த அமெரிக்க ஆடவர்க்கு அப்படியே பொருத்தியபோது எண் மிகுந்து வந்தது. அவர்க்கேற்பத் திருத்திய பின்னரே பொருந்தியது. இடம் மாறினால் கூற்றும் மாறும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

தொடங்கிய வினாவுக்கு வருவோம். விரதம் ஏற்றவன் சல்லியமற்றவனாக இருக்கவேண்டும் என்பது தத்துவார்த்த சூத்திரம். உள்ளே தைத்துக்கொண்டு உறுத்தும் முள் போன்றவை சல்லியங்கள். அவை மாயை, மித்தியாத்துவம், நிதானம் என மூன்று. மாயை என்பது வஞ்சனை. நிதானம் என்பதைப் பொறுமை என்று இன்றைய வழக்கில் கொள்ளற்க. நோன்பின் பயனாக உலக இன்பத்தை விரும்பி நிற்பதே அங்கு நிதானம். என் பிரசுரத்தை இப்போது எடுத்துப் பார்க்கையில் இரண்டு முட்கள் தெரிகின்றன. பாதியை மறைத்தது மாயை. கொல்லாமைக்கு ஆயுள் நீட்டத்தைக் கூலியாகக் காட்டியது நிதானம். இரண்டாவது முதலதைவிடக் கொடியது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆட்டின் உயிர் ஆட்டுக்கு இனியது என்பதற்காக ஊனை விட்டவனை எந்த ஆய்வும் அசைக்காது. தன் இதயத்திற்கு நல்லது என்று விட்டவன், நாளை வேறோர் ஆய்வு வேறோர் எண்ணைச் சொன்னால் மீண்டும் உண்பான். அவன் ஆட்டை நினைக்கவே இல்லை. நினைக்கும்படி நான் எழுதவும் இல்லை.

என்னோடு பிரசுரப் பணியில் ஈடுபட்ட நண்பர் ஒருவர் இதனை ஏற்கவில்லை. அவர் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. “உயிர்க்கு ஊறு தரும் மெய்யைச் சொல்லலாகாது என்று நூல் கூறுகிறதே. மான் எவ்வழி ஓடிற்று என்று கேட்கும் வேடனுக்கு மெய் சொல்வீரோ? உங்கள் பிரசுரத்தைப் படித்து ஒரு குடும்பம் ஊனை விட்டால் ஆண்டுக்கு எத்தனை கோழி, எத்தனை ஆடு பிழைக்கும்! பக்கவாதம் என்ற ஒரு சொல்லைச் சேர்த்து அதைக் கெடுப்பது கொல்லாமையா?” என்றார்.

பல நாள் இதனை எண்ணினேன். மெய்ம்மை கொல்லாமைக்கு அடங்கியது என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் வேடன் கதையில் கேட்பவன் கொல்ல வந்தவன். என் பிரசுரத்தைப் படிப்பவர் கொல்ல வந்தவர் அல்லர். தம் உடம்பைப் பற்றிய உண்மையை என்னிடம் அடைக்கலம் வைத்து வந்தவர். அவரும் ஓர் உயிர். வேடனிடம் மறைப்பதால் மானுக்கு வரும் ஊறு நீங்குகிறது. இங்கு மறைப்பதால் படிப்பவர்க்கே ஊறு நேரலாம். பிரமாதத்தோடு கூடிய செயலால் உயிர்க்கு வரும் கேடே ஹிம்சை என்று இலக்கணம் வகுத்தனர். பாட்டுக் கச்சேரி நன்றாக இருந்தால் ‘பிரமாதம்’ என்கிறோம். நூல் வழக்கில் அது விழிப்பின்மை. மலர்க்கொடிக்கு இடம் விட்டு மூன்று பேருக்கு இடம் மறுத்ததற்கு வேறு பெயர் இல்லை.

நண்பர் கேட்ட கணக்கில் ஒரு பகுதிக்கு என்னிடம் இன்றும் விடையில்லை. உண்மையை முழுதும் எழுதியதால் ஊனை விடாது போகும் குடும்பம் ஒன்று இருக்குமாயின், அக்குடும்பத்தின் அடுப்படிக்கு வரும் கோழிகளுக்கு நான் என்ன சொல்வேன்? ஆனால் இரண்டில் ஒன்றைத்தான் தேர வேண்டும் என்ற நெருக்கடியைப் பெரும்பாலும் நாமே உண்டாக்கிக்கொள்கிறோம். பக்கவாதத்தைப் பற்றி எழுதும்போதே, இரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், உப்பைக் குறையுங்கள், பி12 அளவை மருத்துவரிடம் கேளுங்கள் என்றும் எழுதலாம். இவற்றில் எதற்கும் ஓர் உயிரைக் கொல்ல வேண்டியதில்லை.

புதிய பிரசுரம் அச்சாகிவிட்டது. முதற் பக்கத்தில் கொல்லாமை மட்டும். அங்கே எண் ஒன்றும் இல்லை. பின்பக்கத்தில் 10 பேரும் இருக்கின்றனர், 3 பேரும் இருக்கின்றனர், 48,188 பேரும் இருக்கின்றனர். அவர்கள் இங்கிலாந்தினர் என்பதும் இருக்கிறது. மலர்க்கொடி இல்லை. செலவில் ஒரு பங்கு தருவதாகச் சொல்லியிருந்த அன்பர் மெய்ப்பைப் படித்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்; அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. மகாவீர ஜெயந்தியன்று அன்னதானப் பந்தலின் வாயிலில் இரத்த அழுத்தம் பார்க்க ஒரு மேசை போடுவதாகவும் ஏற்பாடு.

முதற்படியைப் பெரியப்பாவிடம் கொண்டுபோனேன். இடக்கையால் வாங்கிப் பின்பக்கத்தை வெகுநேரம் பார்த்திருந்தார். பேச்சு அவருக்கு இப்போது மெல்லத்தான் வரும். “இந்த மூன்று பேரில் நான் ஒருவனா, தம்பி?” என்று கேட்டார். ஆயிரம் பேரைப் பற்றிய எண் ஒருவரைச் சுட்டிச் சொல்லாது. அதிகமாக நோயுற்ற மூவர் எவர் என்று ஆய்ந்தவர்க்கும் தெரியாது. ஊன் உண்டு வாழ்ந்தோரிடத்தும் பக்கவாதம் உண்டு. அவருடைய இரத்த அழுத்தமே போதிய காரணமாகலாம். இவ்வளவையும் எண்ணிவிட்டு, “சொல்ல முடியாது, பெரியப்பா” என்றேன். அவர் பிரசுரத்தை மடித்து, பழையது இருந்த பஞ்சாங்கத்திலேயே வைத்தார். வெளியே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அந்தி சாய்வதற்குள் மாத்திரையை உட்கொள்ளவேண்டும் என்று நினைவூட்டி, சொம்பில் தண்ணீர் கேட்டார்.